வெள்ளிக்கிழமைச் செல்கள்

வயர் இல்லாத அந்த மவுஸை நான் முதல் நாளிலிருந்தே நம்பவில்லை. வயர் இருந்தால் பிடித்து இழுத்துப் பார்க்கலாம். செருகியிருக்கிறதா, கழன்றிருக்கிறதா என்று கைக்குத் தெரியும். வயரே இல்லாத பொருளில் எதைப் பிடித்து இழுப்பது? கூடவே வந்த கீபோர்டும் அதே ஜாதி. இரண்டின் வயிற்றிலும் இரண்டிரண்டு பென்டார்ச் செல். அவற்றில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று காட்ட வெளியே ஒரு விளக்கு கிடையாது, ஒரு முள் கிடையாது. கவலைப்படுகிறவளைப் படுத்துவதற்கென்றே யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்த சாமான் மாதிரி இருந்தது.

நான் பிறவிக் கவலைக்காரி. ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சை அன்று பேனாவில் மை பாதியில் தீர்ந்துவிடுமோ என்று இன்னொரு பேனா எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட வாசலில், இரண்டிலும் சேர்ந்தாற்போல் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று தோன்றியது. அப்படியே திரும்பி மேற்கு மாம்பலத்துக்கு நடந்து வந்துவிட்டேன். பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கமே போகவில்லை. அம்மா அழுதாள், அப்பா இரண்டு நாள் பேசவில்லை, அதற்கு அடுத்த வாரம் தெருமுனை டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். டைப்ரைட்டரில் மை கிடையாது, ரிப்பன்தான். ரிப்பன் தேய்வது கண்ணுக்குத் தெரியும். அதனால் நன்றாக வந்தது.

அங்கே கற்ற விரல்கள்தான் என்னை மயிலாப்பூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. குளத்துக்குப் பின்னால் ஒரு தெருவில், சொந்த வீட்டின் முன்னறையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு மாமி டி.டி.பி. சென்டர் நடத்திக்கொண்டிருந்தார். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சபா நிகழ்ச்சி நிரல், பள்ளிக்கூடக் கேள்வித்தாள். நான் அடித்துக் கொடுப்பேன், மாமி அழகு பண்ணுவார். எந்த எழுத்து எங்கே நிற்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு கண் இருந்தது. பத்தாவது பாஸ் பண்ணாதவளை எடுக்கலாமா என்று அவர் யோசிக்கவில்லை. "ஒற்று விடாம அடிக்கறியோ, அது போறும்" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

மாமிக்கு மாமா இல்லை. ஒரே பிள்ளை, அமெரிக்காவில். நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம் மாமிக்கு முதுகுத்தண்டில் வட்டு நகர்ந்துவிட்டது. நாற்காலியில் உட்காரவே கூடாது, பலகையில் படுத்துத்தான் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி பிள்ளை போனில் சொன்னார். மாமி மாட்டேன் என்றார். அம்மாவோடு வாதாட முடியாத பிள்ளை, ஊருக்கு வந்த ஒரு நண்பரிடம் இந்த மவுஸையும் கீபோர்டையும் கொடுத்தனுப்பினார். படுத்துக்கொண்டே வேலை செய்யட்டும் என்று.

உண்மையைச் சொன்னால், அருமையாகத்தான் இருந்தது. முன்னறையில் ஒரு மரக்கட்டிலைப் போட்டோம். மானிட்டரை முக்காலியில் ஏற்றிக் கட்டிலுக்கு எதிரே வைத்தோம். மாமி ஒருக்களித்துப் படுத்து, கீபோர்டைத் தலையணையில் சாய்த்துக்கொள்வார். மவுஸ் உருள ஒரு சமமான பலகை வேண்டியிருந்தது. என் வீட்டிலிருந்து பரீட்சை அட்டையைக் கொண்டுவந்தேன். ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைக்கு வாங்கிய அதே அட்டை. கிளிப்பில் துரு ஏறவில்லை. ஒரு பரீட்சையும் பார்க்காத அட்டையில் அந்த மவுஸ் தினமும் எழுதிக்கொண்டிருந்தது.

அமெரிக்காவிலிருந்து கூடவே வந்த செல்களை ஆனியில் போட்டோம். புரட்டாசியில் தீர்ந்தன.

அன்று நான் அச்சகத்துக்குப் போயிருந்தேன். மாமி தனியாக இருந்தார். மவுஸ் நகரவில்லை. கம்ப்யூட்டர்தான் நின்றுவிட்டது என்று நினைத்து, அதை அணைத்துப் போட எழுந்திருக்கிறார். சுவிட்ச் தரைக்குப் பக்கத்தில். குனிந்தவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நான் திரும்பி வந்தபோது மாமி தரையில் கிடந்தார். எவ்வளவு நேரமாகக் கிடந்தார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை. என்னைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "அவனுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா அடுத்த பிளேன்ல ஏத்திடுவான்."

பிள்ளையிடம் வலி கொஞ்சம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்கே அவர், பொங்கலுக்கு நேரில் வருகிறேன், அந்தக் கட்டிலில் படுத்து உன்னால் வேலை செய்ய முடிகிறதா என்று என் கண்ணால் பார்க்கிறேன், முடியவில்லையென்றால் கையோடு அழைத்துப் போகிறேன், டிக்கெட் உனக்கும் சேர்த்தே போடுகிறேன் என்றார். போனை வைத்துவிட்டு மாமி மானிட்டர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு வேலை போய்விடும் என்பது ஒரு பக்கம். மாமி போய்விடுவார் என்பதுதான் பெரிய கவலை.

ஆக, எல்லாம் அந்த நாலு செல்லில் வந்து நின்றது. அப்படித்தான் நான் கணக்குப் போட்டேன்.

அந்த வாரத்திலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் மாமி குளித்துவிட்டு வருவதற்குள் நாலு செல்லையும் கழற்றிவிட்டுப் புது செல் போட்டேன். அமெரிக்க செல் மூன்று மாதம் வந்ததே என்று கேட்கலாம். அது அமெரிக்க செல். நம்மூர் செல் எத்தனை நாள் தாங்கும், யார் கண்டது? மவுஸோடு வந்த சின்னப் புத்தகத்தில் ஏதாவது போட்டிருக்கும். முழுக்க ஆங்கிலம். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அர்த்தம் பிடிபடாது. மாமியைக் கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பார். செல் போட்டதும் கீபோர்டில் அகர வரிசை முழுக்க ஒருமுறை அடித்துப் பார்ப்பேன். எந்த எழுத்தையாவது முழுங்குகிறதா என்று. முழுங்காது. ஆனாலும் இன்னொருமுறை அடிப்பேன்.

கழற்றின செல்லைத் தூக்கிப்போட மனசு வராது. எங்கள் வீட்டில் டார்ச் செல் மங்கினால் வெயிலில் வைப்போம், கொஞ்சம் உயிர் வரும். அதனால் அவற்றை ஒரு பவுடர் டப்பாவில் போட்டு, மத்தியான வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். டப்பா வாரத்துக்கு வாரம் கனத்தது.

"ஏண்டி, அதென்னடி ஜன்னல்ல, வடாமா காயறது?" என்று ஒருநாள் மாமி கட்டிலிலிருந்து கேட்டார்.

"ஒண்ணுமில்ல மாமி. பழைய சாமான்."

"பழைய சாமானுக்கு எதுக்குடி சூர்ய நமஸ்காரம்?"

நான் காதில் விழாத மாதிரி அடித்துக்கொண்டிருந்தேன். அவரும் விட்டுவிட்டார்.

செல் வாங்குவது பக்கத்துக் கடையில். கடிகாரம் ரிப்பேர் செய்கிற ஒரு பாய் வைத்திருந்தார். கண்ணில் லென்ஸைச் சொருகிக்கொண்டே ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார்.

"வந்துட்டியாம்மா? போன வெள்ளிக்கிழமதானே நாலு வாங்கிகினு போன? உங்க எலி செல்லைத் துன்னுதா இன்னா?"

"இல்ல பாய், டார்ச்சுக்கு."

"வாரா வாரம் நாலு செல்லு போடற டார்ச்சு இன்னா டார்ச்சும்மா அது? லைட் ஹவுஸா?"

அவர் சிரிப்பார். கடையில் நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். அவர் சிரிப்பில் விஷம் இல்லை. ஆனால் எனக்குக் கூச்சம். ஒரு வார்த்தை வாய் தவறி மாமியிடம் சொல்லிவிட்டால்? மார்கழி முழுக்க அந்தக் கூச்சத்தோடுதான் வாங்கினேன். பொங்கல் நெருங்கியதும், நான் செய்த மகா புத்திசாலித்தனமான காரியம், ரங்கநாதன் தெரு பிளாட்பாரத்தில் வாங்கியது. மாம்பலம் ஸ்டேஷன் வாசலில் கூறு கட்டி வைத்திருந்தார்கள். பளபளவென்று பிளாஸ்டிக் உறை. பாய் கடையில் இருப்பதைவிடப் புதுசாகத் தெரிந்தது. எட்டு செல்லாக வாங்கிக்கொண்டேன், நாலு போட, நாலு அவசரத்துக்கு. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். நான் நிம்மதியாகத் தூங்கினால் மறுநாள் ஏதோ நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பிள்ளை வந்து சேர்ந்து இரண்டு நாள் தூங்கி எழுந்து, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் முன்னறைக்கு வந்தார். உயரமாக, கொஞ்சம் பூசினாற்போல் இருந்தார். மாமியின் மூக்கு. என்னைப் பார்த்து, "நீங்கதானா? அம்மா போன்ல பாதி நேரம் உங்களைப் பத்திதான் பேசுவா" என்றார். நான் ஏதோ சொன்னேன். என் கவனம் முழுக்க மவுஸின் வயிற்றில் இருந்தது. காலையில்தான் பிளாட்பாரத்துப் புது செல் போட்டிருந்தேன். அகர வரிசையை மூன்று தடவை அடித்துப் பார்த்திருந்தேன்.

மாமி படுத்துக்கொண்டு ஒரு கல்யாணப் பத்திரிகையில் வேலை செய்துகொண்டிருந்தார். மணப்பெண்ணின் பெயரைக் கொஞ்சம் பெரிசாக்கி, அதன் மேல் இருந்த கொடி வளைவை நகர்த்தி, மறுபடி சின்னதாக்கி. பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார். பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி.

"பார்த்தியா, எப்படிப் பண்றேன்?" என்றார் மாமி. குரலில் பெருமை.

"பார்த்துண்டுதாம்மா இருக்கேன்."

மணி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். கொடி வளைவு பாதி வழியில் நின்றது. மாமி மவுஸை அட்டையில் முன்னும் பின்னும் உருட்டினார். நகரவில்லை. கீபோர்டைத் தட்டினார். எழுத்து விழவில்லை. நான் அவசரத்துக்கு வைத்திருந்த நாலு செல்லையும் பிடுங்கிப் போட்டேன். அதுவும் சும்மா இருந்தது. பாய் கடைக்கு ஓட வாசலுக்கு வந்தேன். ஷட்டர் போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருந்தார். திரும்பிப் பார்த்தால், மாமி இடது முழங்கையைக் கட்டிலில் ஊன்றி எழுந்திருக்கப் பார்க்கிறார். புரட்டாசியில் மாதிரி, தரைப்பக்கத்து சுவிட்சுக்குத்தான்.

"எழுந்திருக்காதீங்க மாமி! அன்னைக்கு மாதிரி விழுந்துடுவீங்க!"

நான் கத்தியது எனக்கே கேட்டது.

பிள்ளை கட்டிய கையை எடுத்தார். "என்னிக்கும்மா விழுந்தே?"

மாமி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். சொல்லிட்டியா, சரி போ என்பது மாதிரி ஒரு பார்வை. மறுபடி தலையணையில் சாய்ந்துகொண்டார்.

"புரட்டாசில. செல் தீர்ந்துபோனது தெரியாம எழுந்தேன். விழுந்தேன். இவ வந்து தூக்கினா." பிறகு என் பக்கம் திரும்பி, "அழாதேடி. ஜன்னல்ல காயறதே அந்த டப்பா, அதை எடுத்துண்டு வா."

"அதெல்லாம் தீர்ந்துபோன செல் மாமி."

"நோக்கு யார் சொன்னா தீர்ந்துபோச்சுன்னு? நான் குளிக்கப் போற நேரமெல்லாம் நீ ஆபரேஷன் பண்றது நேக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எடுத்துண்டு வாடி."

டப்பாவைக் கொண்டுவந்தேன். வெயிலில் செல்கள் சுட்டன. மாமி கையை விட்டுக் கிடைத்த நாலை எடுத்தார். பிள்ளை வாங்கி மவுஸிலும் கீபோர்டிலும் போட்டார். கொடி வளைவு பாதி வழியில் இருந்து நகர்ந்து, மணப்பெண் பெயருக்கு மேலே போய் உட்கார்ந்தது.

பிள்ளை அந்தச் சின்னப் புத்தகத்தைக் கேட்டார். பூஜை அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் பத்திரமாக வைத்திருந்தேன், கொடுத்தேன். புரட்டினார். "மாசக்கணக்கா வரும்னு இதுல போட்டிருக்கே. நீங்க எத்தனை நாளைக்கு ஒருதரம் மாத்தினேள்?"

"வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை சார்."

"எவ்வளவு நாளா?"

நான் டப்பாவைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். சிரிப்பு வந்ததை அடக்க இருமினார். மாமி அடக்கவில்லை. முதுகு வலிக்கிறது, சிரிக்க வைக்காதேடி என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் கண்ணில் நீர் நிற்கவில்லை. காரியத்தைக் கெடுத்துவிட்டேன். மறைக்கச் சொன்னதைக் கத்திச் சொல்லிவிட்டேன். இனி டிக்கெட்தான்.

பிள்ளை கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "விழுந்ததை ஏம்மா சொல்லல? இப்படி உன்னை விட்டுட்டு நான் எப்படிப் போறது?"

"அழைச்சுண்டு போய் என்னடா பண்ணப் போறே? காலம்பற நீயும் உன் ஆம்படையாளும் ஆபீஸ் போயிடுவேள். பூட்டின ஆத்துல நான் விழுந்தா சாயங்காலம் வரைக்கும் யாருக்குத் தெரியும்? இங்க நான் விழறதுக்கு முன்னாடியே கத்தறதுக்கு ஒருத்தி இருக்கா."

பிள்ளை அந்தப் பரீட்சை அட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். சாப்பிடுகிற நேரத்தில், சுவிட்சைக் கட்டில் உயரத்துக்கு மாற்ற எலெக்ட்ரீஷியன் யாராவது இருக்கிறாரா என்று என்னிடம் கேட்டார். பிறகு, நான் அச்சகத்துக்குப் போகும்போது மாமியோடு யார் இருப்பார்கள் என்று கேட்டார். இப்போதெல்லாம் பக்கத்துக் கடை பாயிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறேன், வாசலில் வந்து குரல் கொடுத்துவிட்டுப் போவார் என்றேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே தலையாட்டினார். டிக்கெட்டைப் பற்றி யாரும் பேசவில்லை.

சாயங்காலம் டப்பாவோடும் பிளாட்பாரத்துச் செல்லோடும் பாய் கடைக்குப் போனேன். பாய் ஒரு முள் மீட்டரை எடுத்து வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். டப்பாச் செல் ஒவ்வொன்றுக்கும் முள் எகிறிக் குதித்தது.

"இது மாப்ள மாதிரி கீது. இதுவும். இதுவும் நல்லா கீது. எம்மா, உசுரோட கீறவங்களையெல்லாம் இட்டாந்து வெயில்ல காயப் போட்டுகினு இருந்திருக்கியே!"

பிளாட்பாரத்துச் செல்லைத் தொட்டார். முள் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது.

"இது எங்க வாங்கினது?"

சொன்னேன். லென்ஸைக் கண்ணிலிருந்து கழற்றினார். அன்றுதான் அவருடைய இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்த்தேன்.

"ஏன், என்னாண்ட வாங்கினா இன்னா?"

"நீங்க சிரிப்பீங்கன்னுதான் பாய்."

"சிரிப்புக்குன்னு தனியா காசு கேட்டனா?" என்றார். நிஜமாகவே வருத்தம். பிறகு, "போ, இனிமே சிரிக்கல" என்றார். அதைச் சொல்லும்போதே சிரித்துவிட்டார்.

பிள்ளை இருபது நாள் இருந்துவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார். விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது என்னிடம், "நீங்க கவலைப்படறதை மட்டும் நிறுத்திடாதீங்கோ" என்றார். வாழ்க்கையில் அப்படி ஒருவரும் என்னிடம் சொன்னதில்லை. எல்லோரும் நிறுத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

ஆனால் செல் விஷயத்தில் மட்டும் நிறுத்த வேண்டியதாயிற்று. இனி தானாகத் தீர்ந்தால்தான் மாற்ற வேண்டும் என்று மாமி உத்தரவு போட்டுவிட்டார். அந்தப் பொங்கல் வாரத்திலேயே மாமி கண்ணெதிரே பாயிடமே நாலு புது செல் வாங்கிப் போட்டோம். அடுத்த வெள்ளிக்கிழமை என் கை தானாக மவுஸை நோக்கிப் போனது. மாமி குளிக்கப் போகாமல் கட்டிலிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. டப்பாவில் இருந்தவற்றில் ஒன்று சுவர்க் கடிகாரத்துக்குப் போனது, இரண்டு டி.வி. ரிமோட்டுக்கு, இரண்டு பாயின் டிரான்சிஸ்டருக்கு, மிச்சம் எங்கள் வீட்டு டார்ச்சுக்கு. மாசி போயிற்று. மவுஸ் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு கட்டத்தில் எனக்கே அதன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

பங்குனித் திருவிழாவுக்கு ஒரு தண்ணீர்ப்பந்தல் நோட்டீஸ் செய்துகொண்டிருந்தோம். காலை வேளை. திரையில் அம்பு கொஞ்சம் தயங்கியது. மாமி மவுஸைத் தட்டினார். நகர்ந்தது. மறுபடி நின்றது. நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு கட்டிலுக்குப் பக்கத்தில் போனேன். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அம்பு அரைக்கால் அங்குலம் ஊர்ந்து, நோட்டீஸில் நீர்மோர் என்ற வார்த்தையின் மேல் நின்றுவிட்டது. அவ்வளவுதான். மாமி எழுந்திருக்கவில்லை.

"போயிடுத்துடி!" என்று கையைத் தட்டினார். நானும் தட்டினேன்.

சத்தம் கேட்டுப் பாய் வாசலில் எட்டிப் பார்த்தார், கண்ணில் லென்ஸோடு. "யாரு மாமி போயிட்டாங்க?"

"எலிதான் பாய்."

"எத்தினி நாள் ஆச்சு?"

"பொங்கலுக்குப் போட்டது."

பாய் விரலை மடக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "கல்யாண சாவும்மா" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

புது செல் போட்டேன். அம்பு ஓடியது. கழற்றின பழசு இரண்டும் என் உள்ளங்கையில் இருந்தன. இந்தத் தடவை நிஜமாகவே தீர்ந்தவை. பழக்க தோஷம், கால் ஜன்னல் பக்கம் போயிற்று. பாதி வழியில் நின்று, திரும்பி மாமியைப் பார்த்தேன்.

"வெயில்ல வைக்கட்டுமா மாமி?"

மாமி நோட்டீஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வை வை" என்றார். "யார் கண்டா."